மின்னுவதெல்லாம் நைவேத்தியமா?

நவராத்திரியின் ஐந்தாம் நாள், வியாழக்கிழமை. கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஒரு பழைய வீட்டின் கூடத்தில் ஏழு படிகளில் கொலு அமைந்திருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலையில் லலிதா சஹஸ்ரநாமப் பாராயணம். தெருவிலுள்ள பெண்களும் குழந்தைகளுமாக முப்பது பேராவது வருவார்கள். ஒவ்வொருவருக்கும் சுண்டலுடன் ஒரு துண்டு தேங்காய் பர்பியும் பிரசாதமாகத் தருவது அந்த வீட்டில் நாற்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கம்.

அவ்வீட்டுப் பெரியவர் மாவட்டக் கருவூலத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எழுபத்து நான்கு வயது. எழுதியிருப்பதை முழுவதும் படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டதில்லை என்பது அவருடைய பெருமை. அவருடைய துணைவியார் சமையலிலும் ஆசாரத்திலும் கண்டிப்பானவர். பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் விடுப்புக் கிடைக்காததால் வரவில்லை. மருமகள் மட்டும் ஒன்பது வயது மகளுடனும் ஒன்றரை வயது மகனுடனும் வந்திருந்தாள்.

மருமகள் வரும்போது இரண்டு சிறிய குப்பிகளைக் கொண்டுவந்திருந்தாள். ஒன்றில் பொன்னிறப் பொடி. மற்றொன்றில் வெள்ளிநிறப் பொடி. விளக்கருகே பிடித்தால் இரண்டும் நட்சத்திரத் தூள்போல மின்னின. பெங்களூரில் கேக்குகளின் மேல் தூவுவதைப் பார்த்துப் பேத்தி ஆசைப்பட்டாளாம். பர்பித் துண்டு ஒவ்வொன்றின் மேலும் பொன் நட்சத்திரம் வரைந்து அம்பாளுக்குப் படைக்க வேண்டும் என்பது குழந்தையின் விருப்பம்.

பாட்டியின் மனம் ஒப்பவில்லை. ஆயினும் வாய் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. முந்தைய ஆண்டு கொலுவின்போது ஏதோ ஒரு சிறு சொல் அவருடைய வாயிலிருந்து தவறி விழுந்தது. மருமகள் பதில் சொல்லவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவுமில்லை. இந்த ஆண்டு அவள் மனம் மலர்ந்து வந்திருக்கிறாள். பேத்தி பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறாள். ஒரு பொடிக்காக அந்தச் சந்தோஷத்தைக் கெடுப்பதா என்று அவர் தயங்கினார். தயக்கத்தோடு கணவரைப் பார்த்தார்.

பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பொன்னிறக் குப்பியை ஜன்னலருகே கொண்டுபோனார். நகத்தளவு லேபிளில் ஆங்கிலத்தில் இரண்டே வரிகள். ‘நச்சற்றது’ என்பது ஒன்று. ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்பது மற்றொன்று. எந்தப் பொருள்களால் செய்யப்பட்டது என்ற விவரம் இல்லை. செய்தவர் முகவரி இல்லை. காலாவதி நாள் இல்லை. உணவுப் பண்டங்களின் உறையில் இருக்க வேண்டிய பதினான்கு இலக்க உரிம எண்ணும் இல்லை.

“ஏனம்மா, இதை எங்கே வாங்கினாய்?” என்று கேட்டார்.

“கேக் செய்யும் சாமான்கள் விற்கும் கடையில்தான் மாமா. மைதா, பேக்கிங் பவுடர் எல்லாம் அடுக்கியிருந்த அதே அலமாரியில்தான் இருந்தது.”

“சாப்பிடலாம் என்று இதில் எங்கும் எழுதவில்லையே.”

“நச்சில்லை என்று போட்டிருக்கிறதே. நச்சில்லை என்றால் சாப்பிடலாம் என்றுதானே அர்த்தம்?”

அவள் குரலில் சிறிது வாட்டம் தெரிந்தது. பெரியவருக்கு உடனே மறுமொழி தோன்றவில்லை. அப்போதுதான் பாட்டி எழுந்து பூஜை அலமாரியைத் திறந்து இரண்டு சிறிய டப்பாக்களை எடுத்துவந்தார். ஒன்றில் பச்சைக் கற்பூரம். மற்றொன்றில் ஆரத்திக்குரிய சூடம்.

“எனக்குக் கல்யாணமான புதிது. சர்க்கரைப் பொங்கல் இறக்கிவைத்திருந்தது. பச்சைக் கற்பூரம் ஒரு சிட்டிகை போடு என்றார் உன் மாமாவின் அம்மா. நான் சூடத்தைப் பொடித்துக் கையில் எடுத்துவிட்டேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரி மணம், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை. ‘இது சாமிக்கு முன்னால் எரிவதற்கு, அது சாமிக்கு உண்பதற்கு’ என்று மட்டும் சொன்னார். சூடத்தின் மேலும் விஷம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை அம்மா. ஆனால் அதை நாம் சாப்பிடுவதில்லை.”

மாமியார் தம் பிழையையே எடுத்துச் சொன்னதால் மருமகளின் முகம் தெளிந்தது. அந்த இரு டப்பாக்களில் அடங்கியிருந்த விளக்கம் எந்த அறிக்கையிலும் கிடைக்காத அளவுக்குச் சரியானது. ‘நச்சற்றது’ என்ற சொல் ஒரு பொருளைத் தொட்டாலோ, தவறிச் சிறிதளவு வாயில் பட்டாலோ பெருந்தீங்கில்லை என்பதைக் குறிப்பதற்காகவே ஓவியப் பொருள்களிலும் கைவினைப் பொருள்களிலும் இடப்படுகிறது. குழந்தைகளின் மெழுகு வண்ணக் குச்சிகளிலும் அச்சொல் உண்டு. அதற்காக எவரும் அவற்றை உணவில் சேர்ப்பதில்லை. உண்ணத் தக்கது என்பது வேறு தகுதி. அதற்கு ‘உண்ணத் தக்கது’ என்ற தெளிவான சொல்லும், சேர்க்கப்பட்ட பொருள்களின் முழுப் பட்டியலும் வேண்டும். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்நாட்டு இல்லத்தரசிகளுக்கும் அடுமனையாளர்களுக்கும் சொல்லிவரும் அறிவுரையும் இதுவே: ‘நச்சற்றது’ என்றோ ‘அலங்காரத்துக்கு மட்டும்’ என்றோ மட்டும் எழுதப்பட்ட பொடியை உணவின் மேல் தூவலாகாது.

இவ்வறிவுரைக்குப் பின்னால் துயரமான நிகழ்ச்சிகள் உள்ளன. 2018-இல் அந்நாட்டின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் உண்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டன. கேக்கின் மேல் பூசப்பட்டிருந்த பொன்னிறப் பொடியைச் சோதித்தபோது அதில் செம்பு மிகுந்திருந்தது தெரியவந்தது. 2019-இல் மிசௌரி மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தையொன்றின் இரத்தத்தில் ஈயம் காணப்பட்டது. காரணம் தேடிச் சென்றவர்கள் அதன் பிறந்தநாள் கேக்கில் இட்ட மஞ்சள் அலங்காரப் பொடியைக் கண்டறிந்தனர். அப்பொடியில் நான்கில் ஒரு பங்கு ஈயம். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2021-இல் இவ்விரு நிகழ்ச்சிகளையும் வெளியிட்டது.

மருமகள் தன் கைப்பேசியில் தேடி, மிசௌரிக் குழந்தையைப் பற்றிய செய்தியை வாய்விட்டுப் படித்தாள். படித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவளுடைய பார்வை கொலுவருகே விளையாடிக்கொண்டிருந்த மகள்மேல் சென்றது.

“மாமா, நேற்று ராத்திரி இவள் ஆசைப்பட்டாளே என்று ஒரு துண்டின் மேல் தூவிக் காட்டினேன். அதைச் சாப்பிட்டுவிட்டாள். சின்னவனும் குப்பியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். வாயில் வைத்தானா என்று தெரியவில்லை.”

கூடத்தில் ஒரு கணம் யாரும் பேசவில்லை. பெரியவர் சட்டையை மாட்டிக்கொண்டார். குப்பியை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு முடிந்துகொண்டார். கால்மணி நேரத்தில் எல்லோரும் குழந்தைகளுடன் குடும்ப மருத்துவரின் முன் அமர்ந்திருந்தார்கள்.

குப்பியைக் கையோடு கொண்டுவந்ததே பாதி வேலை என்றார் மருத்துவர். செம்பு மிகுந்த பொடியாயிருந்தால் சில மணி நேரத்துக்குள்ளேயே வயிறு காட்டிக்கொடுத்துவிடும். குழந்தைகள் இருவரும் இரவு நன்றாக உறங்கி, காலையில் இட்லி உண்டிருக்கிறார்கள். ஆகவே அந்த அச்சம் குறைவு. ஆனால் ஈயத்தின் இயல்பு வேறு. அது வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் உடலில் தங்கிவிடக் கூடியது. வளரும் குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் பாதிக்கிறது. இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை ஈயத்துக்கு அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே கூறுகிறது. ஒரு துண்டினால் பெரிய கேடு நேர்ந்திருக்காது. எனினும் பொடியில் என்ன இருக்கிறது என்றே தெரியாதபோது இரத்தத்தைச் சோதித்துவிடுவது நல்லது என்றார் அவர். இருவரிடமிருந்தும் இரத்தம் எடுத்துச் சென்னையிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. முடிவு வர நான்கைந்து நாட்கள் ஆகும்.

வீடு திரும்பும் வழியில் மருமகள் அழுதாள். “தெரியாமல் செய்ததற்கு ஏனம்மா அழுகிறாய்? அந்த அலமாரியில் கொண்டுபோய் வைத்தவன் அல்லவா வெட்கப்பட வேண்டும்” என்றார் பாட்டி. அந்த ஒரு வாக்கியம் போன ஆண்டின் மனக்கசப்பைத் துடைத்துவிட்டது.

மறுநாள் பாராயணத்துக்குப் பர்பி ஆக வேண்டும். பேத்தியின் முகமோ வாடியிருந்தது. மின்னும் பர்பி என்று தெருவிலுள்ள தோழிகளுக்கெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பெரியவர் அவளைத் தேற்றினார்: “கவலைப்படாதே. நம் வீட்டில் வெள்ளித் தாள் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் முந்திரி பர்பியின் மேல் ஒட்டுவோமே, அது. இருபது வருஷமாக நானே பார்த்து வாங்குவது.” அலமாரியின் உச்சியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொடுத்தார்.

மருமகள் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள்: “மாமா, இதில் ஒன்றுமே எழுதவில்லையே?”

பெரியவர் பூதக்கண்ணாடியைத் தேடினார். தேவைப்படவில்லை. பழைய செய்தித்தாளை மடித்துச் செய்த பொட்டலம் அது. பெயரில்லை, ஊரில்லை, தூய்மை அளவில்லை. படிக்காமல் கையெழுத்திடாத மனிதர் இருபது ஆண்டுகளாகப் படிப்பதற்கே ஒன்றுமில்லாத பொட்டலத்தை நம்பி வாங்கியிருக்கிறார்.

இனிப்புகளின் மேல் ஒட்டப்படும் வெள்ளித் தாளை வடக்கே ‘வரக்’ என்பர். மூச்சுக் காற்றுப் பட்டாலே கிழியும் அளவுக்கு மெல்லியது அது. உண்மையான வெள்ளியானால் நூற்றுக்கு 99.9 பங்கு தூய்மை இருக்க வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ளது. ஆனால் வெள்ளியின் விலையைக் கண்டு, சிலர் அலுமினியத் தாளை அதே பளபளப்புடன் விற்றுவிடுகின்றனர். அலுமினியம் உண்பதற்குரிய அலங்காரமன்று. இவ்விரண்டையும் வீட்டிலேயே பிரித்தறிய அந்த ஆணையமே எளிய வழிகளைச் சொல்லித் தருகிறது. தாளைச் சிறிது கிள்ளி இரு விரல்களுக்கிடையே தேய்த்தால் வெள்ளியானால் நொறுங்கிப் பொடியாகிவிடும். அலுமினியமானால் பொடியாகாமல் சிறு சிறு துணுக்குகளாகக் கிழிந்து நிற்கும். தாளைச் சுருட்டி இடுக்கியால் பிடித்துத் தீயில் காட்டினால், வெள்ளியானால் சுருங்கி ஒரு வெண்மையான சிறு மணியாக மின்னும். அலுமினியமானால் கருஞ்சாம்பல் நிறமாகக் கருகிவிடும்.

பெரியவர் விரலால் தேய்த்துப் பார்த்தார். பொடியாகவில்லை. அடுப்பைப் பற்றவைத்து இடுக்கியால் காட்டினார். கடுகளவு வெண்மணியை எதிர்பார்த்து நின்ற அவர் முன் கருஞ்சாம்பல்தான் மிஞ்சியது.

சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “என்னிடமும் ஒரு சூடம் டப்பா இருந்திருக்கிறது” என்றார்.

மருமகள் சிரிக்கவில்லை. “கடையில் உங்களுக்கும் யாரும் சொல்லவில்லையே மாமா” என்றாள். முந்தைய நாள் பாட்டி அவளுக்குச் சொன்ன ஆறுதலை அவள் மாமனாருக்குத் திருப்பித் தந்தாள்.

வெள்ளித் தாளில் சைவ உணவினர் அறிய வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. பழைய முறையில் வெள்ளித் துணுக்குகளை விலங்குகளின் குடற்சவ்வினால் ஆன ஏடுகளுக்கிடையே வைத்துச் சுத்தியலால் மணிக்கணக்கில் அடித்தே தாளாக்கினர். இதை அறியாமலே பலர் அதைப் பூஜைக்குரிய இனிப்புகளில் ஒட்டிவந்தனர். 2016-இல் மேற்சொன்ன ஆணையம், எந்த நிலையிலும் விலங்குகளிலிருந்து பெறும் பொருளைக் கொண்டு வெள்ளித் தாள் செய்யலாகாது என்று அறிவிக்கை வெளியிட்டது. இப்போது இயந்திரங்களில் விலங்குத் தோலின் தொடர்பின்றிச் செய்யப்படும் தாள்களும் கிடைக்கின்றன. ஆகவே வாங்குவோர் கடைக்காரரிடம் கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை: எந்த நிறுவனம் செய்தது, உரிம எண் உண்டா, பச்சை வட்டக் குறி உண்டா, இயந்திரத்தில் செய்ததா என்று கேட்டு, உறையில் கண்ட பிறகு வாங்குவதே முறை. பொட்டலத்தில் உதிரியாகக் கிடைப்பதை விட்டுவிடுவது நன்று.

அப்படியானால் உண்ணத் தக்க ஜிகினாப் பொடி என்று ஒன்றே இல்லையா? உண்டு. சர்க்கரை, சோளமாவு, கருவேல இனத்து மரத்திலிருந்து வடியும் அரபிக் கோந்து, அனுமதிக்கப்பட்ட நிறங்கள் ஆகியவற்றால் செய்யப்படும் தூவல்கள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. சிலவற்றில் அபிரகம் என்னும் மைக்காவின் நுண்தூள் மினுமினுப்புக்காகச் சேர்க்கப்படுகிறது. நேர்மையான பொருளானால் இவையெல்லாம் உறையில் பெயர் பெயராக எழுதப்பட்டிருக்கும். உண்ணத் தகாத ஜிகினாவோ பெரும்பாலும் பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியப் பூச்சிட்டு நுணுக்கியது. கொலுப் படிகளிலும் வண்ணக் கோலத்திலும் வாழ்த்து அட்டைகளிலும் நாம் காண்பது அதுவே. அதற்கும் கீழானவை செம்பு, துத்தநாகம் முதலிய உலோகத் தூள்கள்.

கோந்தினாலும் சர்க்கரையினாலும் ஆனது வெதுவெதுப்பான நீரில் இளகிக் கரையும். பிளாஸ்டிக் கரையாமல் மிதக்கும் அல்லது படியும். இதைக் கொண்டு ஐயத்துக்குரியதைத் தள்ளலாமே தவிர, கரைந்துவிட்டது என்ற ஒன்றினாலேயே ஒரு பொடியை நல்லது என்று கொள்ளலாகாது. கரையும் நிறத்திலும் கேடு இருக்கலாம். இதற்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்ததை அனைவரும் அறிவர். ரோடமின்-பி என்னும் துணிச்சாயம் அந்த இளஞ்சிவப்பு மிட்டாயில் கலந்திருந்ததே காரணம். அது நீரில் நன்றாகவே கரையும்.

வீட்டில் கேசரிக்கும் லட்டுக்கும் இடும் நிறப்பொடிக்கும் இதே கணக்குத்தான். உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் எட்டே எட்டு. அவற்றையும் ஒரு கிலோ உணவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சேர்க்கலாகாது என்பது பொதுவான வரம்பு. அதாவது ஒரு கிலோ இனிப்புக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. கண்ணளவில் கரண்டி நுனியால் அள்ளி இடும் கைக்கு இந்த அளவு அகப்படாது. கண்ணைப் பறிக்கும் சிவப்பிலும் பச்சையிலும் இருக்கும் இனிப்பைக் கண்டால் வாங்கும்முன் சற்று நின்று யோசிப்பது நல்லது.

உறையைப் படிக்கையில் சைவ உணவினர் சில எண்களையும் நினைவிற் கொள்ளலாம். 174 என்ற எண் வெள்ளியையும், 175 என்ற எண் தங்கத்தையும் குறிக்கும். 120 என்ற எண் ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு நிறம். 904 என்பது அரக்குப் பூச்சியிலிருந்து வரும் மெருகு. ஜெலட்டின் என்பது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் கிடைப்பது. மினுமினுக்கும் அலங்காரங்களிலும் மெருகிட்ட மிட்டாய்களிலும் இவை இடம்பெறுவது உண்டு. படைக்கலாமா என்று முடிவு செய்வது அவரவர் குலவழக்கைப் பொறுத்தது. ஆனால் அறிந்து முடிவு செய்வது வேறு. அறியாமல் படைப்பது வேறு.

வெள்ளிக்கிழமை பிற்பகல் அந்த வீட்டின் சமையலறை மூன்று தலைமுறைப் பெண்களால் நிறைந்திருந்தது. பாட்டி தேங்காய் பர்பியைக் கிளறித் தட்டில் கொட்டிச் சமன் செய்தார். மருமகள் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான பாலில் குங்குமப்பூவை ஊறவைத்தாள். மற்றொரு கிண்ணத்தில் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறு. பேத்தி அட்டையில் நட்சத்திர வடிவம் வெட்டி, அதைத் துண்டுகளின் மேல் வைத்துக் குங்குமப்பூப் பாலைத் துளித் துளியாக இட்டாள். பொன்னிறத்தில் நட்சத்திரம் தெரிந்தது. ஆனால் மின்னவில்லை.

“பாட்டி, மின்னவே இல்லையே.”

பாட்டி டப்பாவிலிருந்து பனைக்கற்கண்டை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டு, வெள்ளைக் கற்கண்டை எடுத்தார். துணியில் முடிந்து அம்மிக் குழவியால் இரண்டு தட்டுத் தட்டினார். மாவாகிவிடாமல் மணல்போல் உடைந்த கற்கண்டை ஈரம் காயாத நட்சத்திரங்களின் மேல் தூவச் சொன்னார். ஓரத்தில் பிஸ்தாச் சீவல். மாலையில் கொலுவின் முன் ஐந்துமுக விளக்கை ஏற்றியபோது கற்கண்டின் ஒவ்வொரு முனையிலும் சுடர் பட்டுத் தெறித்தது. தெருக் குழந்தைகள் தட்டைச் சூழ்ந்துகொண்டார்கள். பேத்தி ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்து, “இது கற்கண்டு. சாப்பிடலாம்” என்று மறவாமல் சொன்னாள்.

நைவேத்தியம் என்பது இறைவன் முன் காட்டுவதற்கு மட்டும் உரிய காட்சிப் பொருளன்று. அவனுக்கு ஊட்டுவதாக நினைந்து வைக்கும் உணவு. பின்னர் அது பிரசாதமாகிப் பல்லில்லாத முதியவர் முதல் பல் முளைக்காத குழந்தை வரை எல்லோர் வாய்க்கும் செல்கிறது. ஆரத்திக்குக் கற்பூரம், அலங்காரத்துக்குப் பட்டு, அர்ச்சனைக்குப் பூ, அமுதுக்கு அன்னம் என்று ஒவ்வொன்றுக்கும் நம் முன்னோர் இடம் வகுத்தே வைத்தனர். அலங்காரத்துக்கு உரியதை அமுதில் சேர்க்கும்போதுதான் தவறு நேர்கிறது. இன்று கோயில் மடைப்பள்ளிகளே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘போக்’ திட்டத்தின் கீழ்ச் சோதிக்கப்பட்டுச் சான்றிதழ் பெறுகின்றன. வீட்டு மடைப்பள்ளிக்குச் சான்றிதழ் தர எவரும் வரப்போவதில்லை. அங்கே சோதிப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களே.

சில வழக்கங்கள் எளியவை. கோலத்துக்கும் கொலுவுக்கும் வாங்கிய ஜிகினாவைச் சமையலறைக்குள் கொண்டுவராதிருத்தல். அதைத் தொட்ட கையைக் கழுவிய பின்பே பிரசாதத்தைத் தொடுதல். சூடத்தையும் பச்சைக் கற்பூரத்தையும் வெவ்வேறு தட்டில், பெயரெழுதி, குழந்தைகள் கைக்கெட்டாத உயரத்தில் வைத்தல். ஆரத்திச் சூடம் ஒரு சிறு துண்டு வயிற்றுக்குள் சென்றாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். பச்சைக் கற்பூரமும் ஒரு பானைப் பொங்கலுக்கு ஒரு சிட்டிகைக்குள் அடங்க வேண்டும். குழந்தை இத்தகைய எதையேனும் விழுங்கிவிட்டது என்று தெரிந்தால், விரலை விட்டு வாந்தியெடுக்கச் செய்யாமல், அந்தக் குப்பியையோ டப்பாவையோ கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் செல்லுதல். உண்ணத் தகாததை உணவுப் பொருளோடு கலந்து விற்கும் கடையைக் கண்டால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலருக்கு ஒரு புகார் எழுதுதல்.

கடைசியாகச் சொன்னதைப் பெரியவர் சரஸ்வதி பூஜைக்கு முன்னரே செய்து முடித்தார். மருமகள் வாங்கிய கடையின் ரசீது அவளிடம் இருந்தது. அதன் நகலை இணைத்து, குப்பியின் லேபிளில் இருந்த இரண்டு வரிகளையும் அப்படியே எடுத்தெழுதி, பெங்களூரிலுள்ள உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார். தம் வெள்ளித் தாளுக்கு ரசீது எதுவும் இல்லாததால், அந்தக் கடைக்கு நேரிலேயே சென்று கருகிய சாம்பலைக் காட்டிவிட்டு வந்தார். இனி உறையிட்ட தாள் மட்டுமே வாங்கி விற்பதாகக் கடைக்காரர் சொன்னாராம். அதை உறையைப் பார்த்த பிறகுதான் நம்புவேன் என்று பதில் சொல்லிவிட்டு வந்தார் பெரியவர்.

விஜயதசமியன்று காலை, கொலுவில் ஒரு பொம்மையைச் சாய்த்து வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மருத்துவரிடமிருந்து தொலைபேசி வந்தது. மருமகள் எழுந்து நின்றே கேட்டாள். குழந்தைகள் இருவருக்கும் கவலைப்பட ஒன்றுமில்லை என்றார் மருத்துவர்.

அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு நேரே பூஜை அலமாரிக்குச் சென்று சூடத்தை எடுத்தாள். டப்பாவைத் திறக்கும் முன் அதன் மேல் ஒட்டியிருந்த புதிய சீட்டை ஒருமுறை படித்துப் பார்த்தாள். மாமனாரின் திருத்தமான கையெழுத்தில், ‘ஆரத்திக்கு மட்டும்’ என்று அதில் எழுதியிருந்தது.